ராணிகளுக்கு ஜாக்கெட் போட்டவர்

கண்காட்சிச் சுவரில் மாட்டியிருந்த அட்டையில் எங்கள் நைனாவை ஓவியர் என்று போட்டிருந்தார்கள். "செஞ்சி மறந்துபோன ஓவியர்" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. பத்திரிகைப் படங்களின் மேல் தன் பேனாவால் புதுப்புது ஆடைகளை உருவாக்கியவர், காலத்தை மீறிய கற்பனை கொண்டவர் என்று கீழே நாலு வரி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் நின்ற தம்பி, "எப்டிக்கா இருக்குது?" என்றான், சமைத்துப் போட்டுவிட்டு ருசி கேட்கிறவன் மாதிரி. எனக்கு அழுகை வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது.

எங்கள் நைனா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்திரிகைக் கடை வைத்திருந்தவர். கடை போக, வீடு வீடாகப் புத்தகம் சுற்றுக்கு விடுகிற லெண்டிங் லைப்ரரியும் நடத்தினார். வார இதழ்களையும் மாத நாவல்களையும் பையில் போட்டு சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்ததும் வாங்கி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ஊரெல்லாம் சுற்றி ஓரம் கிழிந்து திரும்பிய இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுப்பார். வாரவாரியாக அடுக்கி, தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்ட் செய்வார். கதை முழுசும் படத்தோடு ஒரே புத்தகமாகக் கிடைக்கும் என்பதால் அதற்கு நல்ல கிராக்கி. இதெல்லாம் அப்போது எல்லா ஊரிலும் நடந்ததுதான். நைனா செய்த இன்னொரு வேலை வேறு எந்த ஊரிலும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு புடவை மடிப்பை ஓவியர்கள் ஒரே இழுப்பில் போட்டிருப்பார்கள். கதாநாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், கழுத்தின் வளைவிலேயே அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். ராஜா ராணிக் கதை என்றால் மார்க்கச்சையும் மேகலையும் முத்துச்சரமும்தான். குடும்பக் கதை என்றால் கையில்லாத ஜாக்கெட், தொப்புளுக்குக் கீழே இறங்கிய கொசுவம், ஏற்றிக் கட்டிய கொண்டை. கதையைப் படிக்காமல் படத்துக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு. நைனாவோ எங்கள் பங்குக் கோயிலான மாதா கோயிலில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர். அப்படிப்பட்ட படங்கள் தன் கையால் குடும்பப் பெண்கள் இருக்கிற வீட்டுக்குள் போகக்கூடாது என்று முடிவு செய்தார். "கண்ணால செய்யிற பாவமும் பாவந்தான்" என்பார். அதற்காகப் பத்திரிகையை நிறுத்திவிட முடியுமா? வியாபாரம் போய்விடுமே. ஆகவே படத்திலிருந்த பெண்களுக்கெல்லாம் துணி போட்டார்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரு புட்டி கறுப்பு மை, தொட்டு எழுதுகிற ஸ்டீல் நிப்புப் பேனா, ஒரு மரஸ்கேல். புதுப் பத்திரிகைக் கட்டு வந்ததும் வீட்டு மேசையில் பிரித்து, பக்கம் பக்கமாகத் திருப்பி, எங்கெல்லாம் தோலோ இடுப்போ தெரிகிறதோ அங்கெல்லாம் கறுப்பு அடிப்பார். மார்க்கச்சை கட்டிய ராணிக்கு மணிக்கட்டு வரை கை வைத்த ஜாக்கெட். நடனமாடுகிறவளுக்கும் அதே ஜாக்கெட். சோப்பு விளம்பரத்தில் தொட்டிக்குள் குளித்துக்கொண்டிருந்தவளை என்ன செய்வது என்று தெரியாமல் தொட்டியோடு சேர்த்து மொத்தமாகக் கறுப்பாக்கிவிட்டார். கறுப்புத் தார் டின்னுக்கு மேலே ஒரு தலை சிரித்துக்கொண்டிருக்கும். பல்லவர் காலத்துக் கதை ஒன்றில் குகைக்கோயில் தூணில் சாய்ந்து நிற்கிற இளவரசிக்குக் காலர் வைத்துவிட்டார். அந்த வருஷம் எங்கள் வகுப்பை மண்டகப்பட்டு குகைக்கு அழைத்துப்போனபோது, அந்தத் தூணைப் பார்த்து ஒருத்தி, "டீச்சர், அப்ப டெய்லர் எந்தூர்லருந்து வந்தாரு?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஊரில் இதற்கு எதிர்ப்பு இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பாராட்டுதான். "அவர் லைப்ரரி புக்குன்னா பொண்ணுங்க கையில தைரியமா குடுக்கலாம்" என்று கோயிலிலும் பேசினார்கள், பஜாரிலும் பேசினார்கள். எந்த மதமாக இருந்தாலும் பெண் பிள்ளை விஷயத்தில் நைனாவோடு ஒத்துப்போனார்கள். வல்லம் வரைக்கும் சைக்கிள் போயிற்று. விடலைகள் மட்டும் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள், பிளேடால் சுரண்டுவார்கள். மை போகாது, காகிதம்தான் ஓட்டையாகும்.

நான் எட்டாவது படிக்கும்போது அந்த மேசைக்கு என்னை இழுத்தார். தம்பியைத் திண்டிவனத்தில் போர்டிங்கில் போட்டிருந்தார். அவன் லீவுக்குத்தான் வருவான். சந்தா வீடுகள் பெருகிவிட்டதால் நைனாவுக்குக் கை ஓயவில்லை. ஒரு பேனாவை என் பக்கம் தள்ளி, "கோட்டுக்கு வெளிய போவக்கூடாது. மூஞ்சில மை படக்கூடாது. படத்த ரொம்ப நேரம் பாக்கக்கூடாது" என்றார். பார்க்காமல் எப்படிக் கோட்டுக்குள் மை போடுவது என்று கேட்கிற தைரியம் எனக்கு அப்போது இல்லை.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். தோளிலிருந்து கை எப்படி இறங்குகிறது, முழங்கை மடங்கும் இடத்தில் துணி எப்படிச் சுருங்கும், நிழலுக்கு எத்தனை கோடு போட்டால் போதும் என்பதையெல்லாம் பெயர் தெரியாத அந்த ஓவியர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர்கள் போட்டதை அழிக்கிற வேலைக்கு உட்கார்ந்து அவர்களிடமே பாடம் படித்திருக்கிறேன். கொஞ்ச நாளில் வெறும் கறுப்பு அடிப்பது எனக்குச் சலித்துப்போயிற்று. ஒரு கதாநாயகியின் தோளில் மையை நிரப்பும்போது, பொத்தான் அளவுக்கு வெள்ளையை விட்டுப் பார்த்தேன். பொத்தானாகவே தெரிந்தது. அடுத்த வாரம் கையைப் புடைப்பாக வைத்து, மடிப்புக்கு நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு விட்டேன். பிறகு படகுக் கழுத்து, கழுத்தைச் சுற்றி மாங்காய் வேலை, முழங்கையில் ஒரு சின்ன முடிச்சு. ராணிகளுக்குக் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஜரிகைப் பட்டி. உடம்பு முழுசும் மறைந்துதான் இருந்தது. நைனா வேகமாகப் புரட்டிப் பார்ப்பார், தோல் தெரியவில்லை என்றால் சரி, அடுத்தது. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான். இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

புத்தகம் வீடு வீடாகச் சுற்றியது. பெண்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்தை டெய்லரிடம் கொண்டுபோய்க் காட்டி, "இது மாதிரி வச்சிக் குடுங்க" என்றார்களாம். இது எனக்குத் தெரியவே தெரியாது. மாதா கோயில் திருவிழாவில் எங்கள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் எனக்கு முன் வரிசையில் வந்து நின்றார். அவர் போட்டிருந்தது என் ஜாக்கெட். அந்த முடிச்சு, அந்த மாங்காய், எல்லாம் அப்படியே. நான் மையில் போட்டது மெரூன் பட்டில் என் கண்ணெதிரில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. பூசை எப்போது முடிந்தது என்றே எனக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் டீச்சர் நேராக நைனாவிடம் போய், நல்ல மனசோடுதான் சொன்னார்: "உங்க புக்குல பாத்துதான் சார் தச்சேன். எல்லாரும் கேக்கறாங்க." நைனா சிரித்தபடியே கும்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் மேசையிலிருந்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாக விரித்து, இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்கேலை எடுத்தார். "மறைக்கச் சொன்னா பாக்க வெக்கிறியா நீ? பாக்க வெக்கிறியா?" என்று கேட்டுக் கேட்டு வலது கையிலேயே அடித்தார். அம்மா சமையற்கட்டு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. விரல் வீங்கிப் பேனா பிடிக்க முடியாமல் போயிற்று. பிடிக்க முடிந்த பிறகும் என்னை அந்த மேசையில் உட்கார விடவில்லை. வெறும் கறுப்புக்கே திரும்பினார்.

பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் வீடு தேடி வந்து, என்னை அரசாங்க டிராயிங் பரீட்சை எழுத விடும்படி கேட்டார். லோயர், ஹையர் ரெண்டும் முடித்தால் டிராயிங் டீச்சராகலாம் என்றார். நைனா அவருக்குக் காபி கொடுத்து, "எங்க வூட்ல இன்னா குறை, படம் போட்டுதான் சாப்டணுமா?" என்று அனுப்பிவிட்டார். ப்ளஸ் டூ முடிந்ததும் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார். அங்கே நான் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தேன். ஊரார் சேலைகளின் அடி ஓரத்தை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். நைனா இறந்தபோது நான் அழுதேன், ஊருக்காக. வீட்டுக்காரர் போன பிறகு செஞ்சிக்கே திரும்பி, தம்பி வீட்டு மாடியில் இருக்கிறேன்.

அம்மா போன வருஷம் இறந்த பிறகு தம்பி பரணைச் சுத்தம் செய்தான். நைனா பைண்ட் செய்து வைத்திருந்த தொடர்கதைக் கட்டுகள் கிடைத்தன. கோட்டை பார்க்க வந்த ஒருவர், பழைய பத்திரிகைப் படங்களைச் சேகரிக்கிறவர், யாரோ சொல்லி வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்து அசந்துபோனாராம். "இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல சார்" என்று அவர் சொன்னதும் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் நைனாவுக்கு வரைவதில் ஆசை, ஓய்வு நேரத்தில் இப்படி டிசைன் போட்டுப் பார்ப்பார் என்று அவனாகவே சொல்லியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டைக்குப் போகிற ரோட்டில் கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்து, பக்கங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டிய பிறகுதான், "ஒரு சர்ப்ரைஸ்க்கா" என்று கூட்டிக்கொண்டு போனான்.

மாட்டியிருந்தவற்றில் பாதிக்கு மேல் என்னுடையவை. சேகரிக்கிறவருக்கும் ருசி இருந்திருக்கிறது. வெறும் கறுப்பில் சிலதை மட்டும் எடுத்துக்கொண்டு, வெள்ளை விட்ட ஜாக்கெட்டுகளைத்தான் நடுச்சுவரில் வைத்திருந்தார். அந்த முடிச்சு வைத்த கை ஆளுயரத்துக்குத் தொங்கியது. கீழே நைனாவின் பெயர்.

சேகரிக்கிறவரிடம் போய்ச் சொன்னேன். சண்டை போடவில்லை, நிதானமாகவே சொன்னேன். இது ஆடை வடிவமைப்பு இல்லை, பெண் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று அடித்த மை. இவையெல்லாம் நைனா போட்டவை, இவையெல்லாம் நான் போட்டவை. நான் போட்டதற்காக அடி வாங்கினேன், என் படிப்பு நின்றது. இதை எழுதி மாட்டுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். நல்ல பையன்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "அம்மா, இது இன்னும் பெரிய கதை. நாளைக்கே மாத்திடறேன்" என்றார். அன்றைக்கு இரவு ரொம்ப காலத்துக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் போனால் புது அட்டை. "தந்தையும் மகளும்: ஒரு மேசை, ஒரு மைப்புட்டி" என்று தலைப்பு. ஒழுக்கத்தைப் போற்றிய தந்தையின் அருகில் அமர்ந்து சிறுவயதிலேயே கலை பயின்ற மகள் என்று நான். கண்டிப்பும் கனிவும் கலந்த ஒரு குடும்பம் என்று நாங்கள். என் போட்டோவும் இருந்தது, நைனா போட்டோவுக்குக் கீழே. தம்பி என் ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"நான் சொன்னது எங்க?" என்று சேகரிக்கிறவரைக் கேட்டேன்.

"எல்லாம் இருக்கும்மா. 'கண்டிப்பு'ன்னு போட்டிருக்கேன் பாருங்க."

"அடிச்சார்னு போடுங்க. வரையக்கூடாதுன்னு நிறுத்தினார்னு போடுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாக்க வர்றவங்க குடும்பத்தோட வர்றாங்கம்மா. இறந்துபோனவரப் பத்தி அப்படிப் போட்டா நல்லா இருக்காது. உங்க தம்பியும் வேணான்னு சொல்றார். உங்க பேர் வந்துடுச்சு இல்ல, அதானே முக்கியம்?"

கல்லூரிப் பெண் ஒருத்தி அந்த நேரம் பார்த்து வந்து என்னைக் கண்டுகொண்டாள். "நீங்கதானா ஆன்ட்டி? செம லக்கி நீங்க. எங்கப்பால்லாம் எனக்கு ஒரு கோடு போடக்கூடச் சொல்லித் தந்ததில்ல" என்றாள்.

"எனக்கும் சொல்லித் தரல. ஸ்கேலால கைமேல அடிச்சார்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அந்தக் காலத்து அப்பாங்கல்லாம் அப்டிதானே ஆன்ட்டி. பாசத்துல அடிக்கறது." பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சுவர் முழுக்க அச்சடித்து மாட்டியதை நம்பாமல், வயதான பொம்பளை ஒருத்தி வாயால் சொல்வதை யார் நம்புவார்கள்? முந்தின நாளாவது என் படங்கள் மட்டும்தான் நைனாவுடையவையாக இருந்தன. இப்போது என்னையும் சேர்த்து அவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்று அங்கேயே தோன்றியது.

வெளியே வந்து மண்டபத்துப் படியில் உட்கார்ந்தேன். தம்பி எனக்கு முன்னால் வந்து நின்றான். அவனுக்கும் கோபம்.

"இன்னாக்கா நீ, செத்துப்போனவர் மேல இவ்ளோ வன்மம் வெச்சிக்கினு? ஊரே நைனாவக் கொண்டாடுது. உனக்கு மட்டும் ஏன் இப்டி எரியுது?"

"உனக்குத் தெரியாது. நீ போர்டிங்ல இருந்தே. அந்த மேசையில இன்னா நடந்துதுன்னு நீ பாக்கல."

"நீ சொல்றது ஒண்ணும் எனக்குப் புரியல. படம் பாக்கறதே பாவம்னு அவர் சொன்னாருங்கறே. எனக்குத் தெரிஞ்ச நைனா அப்டி இல்லவே இல்ல. வூட்டு மேசையில மைப்புட்டி பாத்திருக்கேன், கணக்கெழுதன்னு இருந்தேன். பரண்ல பாக்கற வரைக்கும் படத்துமேல மை போட்டதே எனக்குத் தெரியாது. அதான் ஆசைக்கு வரஞ்சிருக்கார்னு நெனச்சேன்."

"லீவுல கடையிலதானே உக்காந்து படிப்பே? அந்தப் புக்குலயும் இருந்திருக்குமே?"

"இல்லக்கா. கடைக்குத் தனி செட்டு. ஆம்பளைங்க வந்து வாங்கறதுக்கும் அங்கயே உக்காந்து படிக்கறதுக்கும். அதுல ஒரு பொட்டு மை இருக்காது. வந்தது வந்தபடி இருக்கும்."

செஞ்சிக்கு வந்து இறங்கிய அத்தனை பத்திரிகையும் எங்கள் மேசை வழியாகத்தான் போயிற்று என்று இந்த வயது வரைக்கும் நம்பியிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்று அந்தக் கடை வாசலை என்னை மிதிக்க விட்டதில்லை. நான் ஒருநாளும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

"அந்த செட்ட நைனா பாப்பாரா?" என்றேன்.

"இன்னாக்கா கேள்வி இது? அவர் பாக்காமயா?" தம்பியின் கோபம் இறங்கிவிட்டது. பழசை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "கட்டு பிரிச்சதும் மொதல்ல அவர்தான் பாப்பார். படம் நல்லா இருந்தா என்னையும் பக்கத்துல கூப்டு காட்டுவார். 'கை எப்டி ஓடியிருக்குது பார்றா, ஒரே இழுப்பு'ம்பார். அந்தப் படங்கன்னா அவருக்கு உசுருக்கா."

வண்டியை எடுத்து வருகிறேன் என்று அவன் போனான். நான் படியிலேயே இருந்தேன். அவருக்குக் கண் இருந்திருக்கிறது. நல்ல கோடு எது என்று தெரிந்திருக்கிறது. திருவிழா அன்றைக்கு என் பக்கங்களை அத்தனை நேரம் நிதானமாகப் பார்த்தாரே, அப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கும். தெரிந்துதான் ஸ்கேலை எடுத்திருக்கிறார்.

ஒரு படத்தைக் காட்டி, கை எப்படி ஓடியிருக்கிறது பார் என்று அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.